மஞ்சள் காய்ச்சல் ஊசி: கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ப் போட்டுக்கொண்ட அனுபவம்

கம்பாலாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கியதால் நானும் என் கணவரும் உகாண்டா கிளம்ப வேண்டியிருந்தது. விசா விண்ணப்பத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்கள். இது காதில் விழுந்ததும் என் மாமியார் கொல்லைப்பக்கம் கீழாநெல்லி தேடப் போய்விட்டார். காமாலை வேறு, இது வேறு என்று அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆனது. இது கொசு பரப்பும் வைரஸ் நோய். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு, நம் நாட்டில் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் நம் ஊரில் டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். நோய் ஒருமுறை உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

கடலூரில் ஒரு டிராவல்ஸ்காரர், "ஊசியெல்லாம் எதுக்கும்மா, அட்டையை மட்டும் வாங்கித் தரேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. பச்சைக் குழந்தை இருக்கப்போகிற வீட்டுக்குப் போகிறோம். அந்த நோய் உண்மையிலேயே இருக்கிற ஊர் அது. தயவுசெய்து யாரும் இப்படி அட்டை வாங்காதீர்கள்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் போடுகிறார்கள், ஆனால் எங்களுக்குப் புதுச்சேரிதான் பக்கம். விடிந்ததும் பஸ் ஏறி, மையம் திறக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டோம். தினமும் போடுவதில்லை, குறித்த நாளில் மட்டும்தான். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் ஆட்களைச் சேர்த்து வரச் சொல்கிறோம் என்று அங்கிருந்த நர்ஸ் விளக்கினார்.

ஊசியைவிட, அதற்கு முன் அவர்கள் கேட்ட கேள்விகள்தான் எனக்கு நம்பிக்கை தந்தன. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த மருந்து. முட்டை ஒத்துக்கொள்ளுமா, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தீர்களா, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஏதாவது பிரச்சினையா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கணவருக்கு 63 வயது. 60 தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் அதிகம் என்பதால், எங்கள் டாக்டர் கொடுத்திருந்த கடிதத்தைப் படித்து, ரத்த அழுத்தம் பார்த்து, "ஐயா, மறுநாள் காய்ச்சலோ கைவலியோ வரலாம், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் போட்டார்கள். பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

அட்டை எழுதுவதில் காட்டிய அக்கறையைச் சொல்லியே ஆக வேண்டும். இவருக்கு ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. அட்டை எழுதிய பெண் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, எங்களிடம் படித்துக் காட்டி, அதற்கப்புறம்தான் முத்திரை குத்தினார். அடித்துத் திருத்திய அட்டை செல்லாமல் போகலாமாம். நம் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

ஒரே குறை, ஃபோன். மூன்று நாள் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்பதற்காகவே இவர் ஒருமுறை வீணாகப் போய்வந்தார். அதனால் 5க்கு 4 நட்சத்திரம்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். முன்பு 10 வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரு ஊசியே ஆயுளுக்கும் போதும் என்று விதி மாறிவிட்டது. திரும்பி வரும்போதும் அட்டை கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

எண்டெபி விமான நிலையத்தில் எங்கள் பாஸ்போர்ட்டுக்கு முன்பே அட்டையைத்தான் கேட்டார்கள். இப்போது பேத்திக்கு நான்கு மாதம். 9 மாதம் முடிந்தால்தான் அவளுக்கு இந்த ஊசி போடுவார்களாம். மகள் ஊருக்கு வரும் தேதியை அதை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.