சீட்டில் ‘சிகாகோ ஹார்டி’, தொட்டியில் வேறு மரம்

டொராண்டோ பக்கம் யாராவது இணையத்தில் அத்திக் கன்று வாங்க யோசித்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

2021 வசந்தத்தில் ஒருவரிடம் 65 டாலர் கொடுத்து குளிர் தாங்கும் அத்தி வகையான ‘சிகாகோ ஹார்டி’ என்று சீட்டுக் கட்டிய கன்று வாங்கினேன். “மைனஸ் 29 வரைக்கும் தாங்கும் அண்ணா, வெளியிலேயே விடலாம்” என்றார். அதுவே பாதிப் பொய். அசல் சிகாகோ ஹார்டியிலும் அந்தக் குளிரைத் தாங்குவதாகச் சொல்லப்படுவது மண்ணுக்குள் இருக்கும் வேர்தான். கிளைகள் மைனஸ் 12 வாக்கில் கருகத் தொடங்கும். அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், அந்தத் துளிரிலேயே காய்க்கவும் செய்யும். ஆனால் இங்கே பெரும்பாலும் பழுப்பதற்குள் உறைபனி முந்திக்கொள்ளும். அதனால் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் கராஜுக்குள் தள்ளிவிடுவேன்.

மரம் ஜோராக வளர்ந்தது. 2024இல் காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவு வந்ததும் சுருங்கி, மஞ்சளாகி, எல்லாம் கொட்டிவிட்டது. அடுத்த வருடமும் அதே கதை. விழுந்த ஒன்றை நறுக்கினேன். சதையே இல்லை. சுவரோடு ஒட்டிய வெளிறிய பூக்கள், நடுவில் வெறும் பொந்து.

அவரிடம் கேட்டால் முதலில் தண்ணீர் போதவில்லையாம், அப்புறம் தேனீ வரவில்லையாம். அத்திப் பூ காய்க்குள்ளே இருக்கிறது, தேனீ எங்கே உட்காரும்? துருவித் துருவிக் கேட்டதும், “நம்ம வீட்டு மரத்துப் பழ விதையில முளைச்சதுதான்” என்று வாயைவிட்டார்.

நடக்காத காரியம். சிகாகோ ஹார்டி மகரந்தம் சேராமலே பழுக்கும் வகை. அத்திக்கு மகரந்தம் சுமப்பது ஒரு பொடிக் குளவி. அது ஒன்டாரியோவில் கிடையாது. ஆகவே இங்கே பழுத்த பழத்தின் விதை வெறும் சொத்தை. முளைத்தது என்றால் குளவி உள்ள ஊரிலிருந்து வந்த பழம். கடையில் விற்கும் துருக்கி உலர் அத்தியாக இருக்கும் என்பது என் ஊகம். அப்படி முளைப்பதில் கிட்டத்தட்டப் பாதி ஆண் மரம். பெண் மரத்திலும் பல, குளவி இல்லாவிட்டால் என்னுடையதைப் போலக் காயை உதிர்த்துவிடும்.

சின்னக் கன்றாக வாங்கும்போது அடி மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். குச்சி ஊன்றி வளர்த்ததில் பழைய குச்சியின் வெட்டுமுனை மொட்டையாகத் தெரியும், துளிர் பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கும். விதைக் கன்று வேரிலிருந்தே ஒற்றைத் தண்டாக வரும். காசு கொடுக்கவே தேவையில்லை என்றும் சொல்வேன். இங்குள்ள இத்தாலியர், போர்த்துக்கீசர் வீடுகளில் வருடா வருடம் காய்க்கும் மரங்கள் உண்டு. குளிருக்கு மூடிக்கட்டும் முன் கிளை கழிப்பார்கள். கேட்டால் மனதாரத் தருகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அதே பழம் தொங்கும் படத்தைப் போட்டு இந்த வருடமும் விற்கிறார். இப்போது விலை 80 டாலர்.