சிவானந்தா டி.டி.சி.: நெய்யாறு அணையில் நான்கு வாரம், சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பத்தமடை என்றதும் பாய் ஞாபகம் வரும். யோகா ஆசிரியர் பயிற்சிக்கு விசாரிப்பவர்களுக்கு அந்த ஊரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1887-இல் அங்கே குப்புசாமியாகப் பிறந்து, மலேயாவில் டாக்டராக வேலை பார்த்து, பிறகு ரிஷிகேசம் போனவர்தான் சுவாமி சிவானந்தர். அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-இல் தொடங்கிய நான்கு வார ஆசிரியர் பயிற்சியை எல்லோரும் டி.டி.சி. (டீச்சர்ஸ் டிரெய்னிங் கோர்ஸ்) என்றே சொல்வார்கள். கேரளத்தில் நெய்யாறு அணைக்கரையில் 1978-இல் தொடங்கிய ஆசிரமத்திலும், மதுரைக்கு வெளியே நத்தம் சாலைப் பக்கம் உள்ள மீனாட்சி ஆசிரமத்திலும் தங்கிப் படிக்கலாம். இங்கே சொல்வது பெரும்பாலும் நெய்யாறு அணையை வைத்து. பாடத்திட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் கால அட்டவணை, ஏனென்றால் பாதிப் பேர் தடுமாறுவது அதில்தான். காலை 5.30-க்கு மணி. 6 மணிக்குச் சத்சங்கம்: அரை மணி நேரம் தியானம், பிறகு பஜனை, பிறகு உரை. 8 முதல் 10 வரை ஆசன வகுப்பு. 10 மணிக்குச் சாப்பாடு. 11 மணிக்குக் கர்மயோகம், அதாவது காய் நறுக்குவது, பரிமாறுவது, கூட்டுவது, கழிப்பறை கழுவுவது. 12 மணிக்குக் கீதை அல்லது ஸ்லோக வகுப்பு. 2 மணிக்கு முக்கிய விரிவுரை. 4 முதல் 6 வரை மறுபடி ஆசனம். 6 மணிக்கு இரவுச் சாப்பாடு. 8 மணிக்கு மறுபடி சத்சங்கம். 10.30-க்கு விளக்கணைப்பு. இதற்கு நடுவே அன்றன்றைய விரிவுரையைச் சுருக்கி எழுதிக் கொடுக்கும் வீட்டுப்பாடமும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கும் சத்சங்கத்துக்கு வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஆசனம் நான்கு மணி நேரம். சத்சங்கம், வகுப்பு, விரிவுரை என்று தரையில் சம்மணமிட்டு உட்காருவது ஏறக்குறைய ஆறு மணி நேரம். உடம்பை வாட்டுவது சிரசாசனம் அல்ல, இந்த ஆறு மணி நேரம்தான். முதல் பத்து நாளில் முட்டி வலி, இடுப்பு வலி என்று புலம்பாதவர் குறைவு. காரணம் எளிது. இடுப்பு மூட்டு திறக்காதவர் சப்பணமிட்டால் இரண்டு முட்டியும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். முதுகு கூன் விழும், பாரம் முட்டியின் உள்பக்கத்தில் இறங்கும். உட்காரும் எலும்புக்கு அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கெட்டியான திண்டோ மடித்த ஜமக்காளமோ வைத்தால் இடுப்பு முன்னால் சாயும், முட்டி தானாகக் கீழே இறங்கும். பஞ்சுத் தலையணை உதவாது, பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும். சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடவும் படிக்கவும் பழகுங்கள். ஆசனப் பயிற்சியை விட இது அதிகம் கைகொடுக்கும்.

அடுத்தது காபி. டிகாஷன் வாசனை இல்லாமல் பொழுது விடியாத வீட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: டீ, காபி, வெங்காயம், பூண்டு, முட்டை, மீன், கறி எதுவும் கிடையாது. காபியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாள் மண்டை பிளக்கும். அதைப் பலர் சிரசாசனத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள். பத்து நாள் முன்பே மூன்று டம்ளரை இரண்டாக்கி, ஒன்றாக்கி, அரையாக்கி விட்டுப் போனால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டே வேளைச் சாப்பாடு என்பது முதல் வாரம் உறுத்தும், பிறகு பழகிவிடும். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த நேர மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளாமல் போகக் கூடாது.

ஆசனப் பாடம் ஒரே ஒரு வரிசை. சவாசனம், கபாலபாதி, அனுலோம விலோமம் என்ற இரண்டு மூச்சுப் பயிற்சிகள், சூரிய நமஸ்காரம், அப்புறம் பன்னிரண்டு ஆசனங்கள்: சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், மச்சாசனம், பச்சிமோத்தாசனம், புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், அர்த்த மச்சேந்திராசனம், காகாசனம் அல்லது மயூராசனம், பாதஹஸ்தாசனம், திரிகோணாசனம். நடுநடுவே ஓய்வு, கடைசியில் நீண்ட சவாசனம். மாதம் முழுக்க இதையேதான் செய்வீர்கள். அலுப்புத் தட்டும் என்கிற குறை நியாயமானது. ஆனால் இந்தப் பயிற்சியின் பலமும் அதுதான். நாற்பது தடவைக்கு மேல் ஒரே வரிசையைச் செய்தவருக்கு, ஒன்றரை மணி நேர வகுப்பை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்று குறிப்பு பார்க்க வேண்டியதில்லை. ஐம்பது ஆசனங்களை ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்பும் பயிற்சிகளில் இது கிடைக்காது.

சிரசாசனம் வரிசையின் தொடக்கத்திலேயே வருவதால் ஒரு எச்சரிக்கை. எதிர்க் கையால் முழங்கையைப் பிடித்து அகலத்தை அளந்து, முழங்கையை நகர்த்தாமல் விரல் கோத்து, உச்சந்தலையைத் தரையில் வைப்பதுதான் முறை. கால் மேலே போகும் பதற்றத்தில் முழங்கை அகன்றுவிடும். அந்த நொடியே முன்கை தாங்கிய பாரம் கழுத்துக்குப் போய்விடும். மறுநாள் கழுத்து திரும்பாது. கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். சான்றிதழ் போய்விடுமோ என்று மறைப்பது மடத்தனம். அனுலோம விலோமத்தில் 1:4:2 (இழுப்பது, அடக்குவது, விடுவது) என்ற கணக்கில் மூச்சை அடக்கும் பகுதியும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது.

உடம்பைச் சுத்தம் செய்யும் கிரியைகளில் ஜலநேதி, அதாவது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது, பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. அரை லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்பு. குறைந்தால் மூக்கு எரியும், கூடினாலும் எரியும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கேரளத்தில் 2024, 2025-இல் மூளையைத் தாக்கும் அமீபா காய்ச்சல் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்தக் கிருமி நுழையும் வழி மூக்கு. குழாயில் பிடித்து அப்படியே ஊற்றுவது எந்த ஆசிரமத்திலும் எந்த வீட்டிலும் வேண்டாம், கொதித்து ஆறிய தண்ணீர்தானா என்று கேட்டுவிட்டே செய்யுங்கள். முடிந்ததும் இடுப்பை வளைத்துக் குனிந்து, தலையை இரு பக்கமும் திருப்பி, மெதுவாக மூச்சைத் தள்ளி மூக்கை உலர்த்த வேண்டும். வேகமாகச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போய் அடைத்துக்கொள்ளும்.

இனி, நான்கு வாரத்தில் கிடைக்காதது. வகுப்பு எடுக்கும் பழக்கம் சக மாணவர்களிடமே நடக்கிறது. அவர்கள் ஏற்கெனவே அந்த ஆசனத்தை அறிந்தவர்கள், நீங்கள் தப்பாகச் சொன்னாலும் சரியாகச் செய்துவிடுவார்கள். ஊரில் உங்கள் முன் வந்து நிற்கப்போவது முட்டி தேய்ந்த அத்தையும், நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து முதுகு விறைத்த பையனும். அந்த உடம்புகளைப் பார்த்து என்ன மாற்ற வேண்டும் என்று தெரிய, திரும்பி வந்ததும் அனுபவமுள்ள ஒருவரிடம் ஆறு மாதமாவது உதவியாளாக நிற்க வேண்டும். நோயுள்ளவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், 1976-இல் சென்னையில் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தின் வழி வேறு, அங்கே விசாரியுங்கள்.

தமிழில் வகுப்பு எடுக்கப்போகிறவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கும். பயிற்சியில் ஆங்கிலத்தில் மனப்பாடமான வாசகத்தை அப்படியே தமிழாக்கினால் வகுப்பு தடுமாறும். ‘மூச்சை உள்ளே இழுத்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள்’ என்ற வாக்கியத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. அதற்குள் மாணவர் மூச்சை இழுத்து முடித்துவிட்டு, கையைத் தொங்கவிட்டபடி உங்களைப் பார்ப்பார். ‘கையைத் தூக்குங்க, மூச்சு உள்ளே’ என்று துண்டாக்கினால் கையும் மூச்சும் சேர்ந்து போகும். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு எண்ணிக்கையையும் இப்படி நான்கைந்து சொல்லுக்குள் அடக்கி எழுதி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்லோகங்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறவர்கள் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் சமஸ்கிருதத்தில் உள்ள நான்கு ஒலிகளைப் பிரித்துக் காட்ட, பக்கத்தில் 1 முதல் 4 வரை எண் போட்டுக்கொள்வது நல்லது. பழைய ஸ்தோத்திரப் புத்தகங்கள் செய்தது அதைத்தான். இல்லையென்றால் எழுத்துத் தேர்வில் தேறினாலும் உச்சரிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

சான்றிதழ் விஷயம். அமெரிக்காவின் யோகா அலையன்ஸில் 200 மணி நேர ஆசிரியராகப் பதிவு செய்ய இது செல்லும். வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் அதைக் கேட்பார்கள். ஆனால் அது ஒரு தனியார் பதிவேடு, அரசு உரிமம் அல்ல. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்று வேண்டுமென்றால் அதன் தேர்வைத் தனியே எழுத வேண்டும். பல்கலைக்கழகப் பட்டயமாகவும் இதைக் காட்ட முடியாது.

பஜனை, குரு வணக்கம், வேதாந்தம் எல்லாம் பாடத்தின் பகுதி. உடற்பயிற்சி மட்டும் போதும் என்பவர்கள் சேர வேண்டாம், நான்கு வாரமும் எரிச்சலில் போகும். இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. 1993-இல் மறைந்த நிறுவனர் விஷ்ணுதேவானந்தா மீது 2019 இறுதியில் முன்னாள் உதவியாளர் ஒருவர் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டைப் பொதுவெளியில் வைத்தார். மேலும் சிலர் பேசினார்கள், அமைப்பே வெளி விசாரணையாளரை நியமித்தது. ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி: புகார் சொல்ல யாரை அணுக வேண்டும், தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்பார்களா, இந்தத் தொகுதியில் எத்தனை மாணவருக்கு எத்தனை ஆசிரியர்? இது எந்தப் பயிற்சி நிலையத்திலும் கேட்க வேண்டியதுதான்.

கட்டணம் அறையைப் பொறுத்து மாறும், பொதுக்கூடமே மலிவு. குறட்டைக்குப் பயந்தால் காதடைப்பான் கொண்டுபோங்கள். சீருடை மஞ்சள் பனியனும் வெள்ளைக் கால்சட்டையும், இரண்டையும் ஒரே வாளியில் ஊறவைக்காதீர்கள். மழைக்காலத் தொகுதியில் துணி இரண்டு நாளானாலும் காயாது, கூடுதலாக ஒரு செட் வாங்கிவிடுங்கள். யோகா விரிப்பு, டார்ச், கொசு வலை, கொடிக்கயிறு, தடித்த இரண்டு நோட்டு அவசியம். நெய்யாறு அணை திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அங்கே தம்பானூர் பஸ் நிலையத்தில் காட்டாக்கடை வழியாகப் போகும் பஸ் கிடைக்கும். தொடக்க நாளன்று மாலை ஓடிவந்து சேராமல் முந்தின நாளே போனால், மறுநாள் 5.30 மணிக்கு முன் ஒரு நல்ல தூக்கம் மிஞ்சும்.