ஐந்து விழுக்காட்டுக்காரரின் அருங்காட்சியகம்

லிஸ்பனில் 1969-இல் திறக்கப்பட்ட குல்பென்கியன் அருங்காட்சியகம் கலை ஆர்வலர்களுக்கு மட்டுமின்றி, எண்ணெய் வணிக வரலாற்றில் நாட்டமுள்ளவர்களுக்கும் உரியது. 1869-இல் இஸ்தான்புல்லின் உஸ்குதாரில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் பொறியியல் பயின்ற கலூஸ்ட் குல்பென்கியன், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனங்களுடன் ஆண்டுக்கணக்கில் பேரம் பேசி, பின்னாளில் ஈராக் பெட்ரோலியம் கம்பெனி எனப் பெயர் மாறிய நிறுவனத்தில் 5 விழுக்காட்டுப் பங்கை பங்குதார நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட 1928-இன் செங்கோட்டு (Red Line) ஒப்பந்தத்தில் உறுதிசெய்துகொண்டார். அந்தச் சிறு பங்கா இத்தனை அறைகளை நிரப்பியது என்ற வியப்பு இறுதிவரை அகலவில்லை. அந்நியச் செலாவணிக்காகச் சோவியத் அரசு விற்ற, ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியக ஓவியங்களில் ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஆகியோரின் படைப்புகள் இங்குள்ளன. ஆயினும், பிரெஞ்சு நகைக் கலைஞர் லாலிக் செய்த தும்பிப் பெண் அணிகலன்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அருங்காட்சியகத்தில் கலைக்கே முதலிடம் என்பதால், எண்ணெய்ப் பேரங்களின் கதையை முன்பே படித்துவிட்டுச் செல்வது நல்லது.