அம்பாசடர் மார்க் 3-க்கு டூப்ளிகேட் மட்கார்டு: எட்டு மாத அனுபவம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அத்தோடு போகலாம். மட்கார்டு (முன்சக்கரத்தை மூடி, ஹெட்லைட் கிண்ணத்தைத் தாங்கும் தகடு) ஜோடிக்குப் பத்துக்கு நான்கு. கதவு ரப்பருக்கு ஏழு. நாச்சியார்கோவிலில் வார்த்து வாங்கிய டிக்கிக் கைப்பிடிக்கு ஒன்பது.

வண்டி 1977 மாடல் மார்க் 3, அப்பா வாங்கியது. 1980 மகாமகத்துக்கு மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு எங்கள் தெருவில் பாதிப் பேரை இதுதான் ஏற்றிப் போனது என்று அம்மா இன்னும் சொல்வாள். அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு வண்டி மாட்டுக் கொட்டகைக்குப் போனது. தூசி படக்கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தில் வைக்கோலை அள்ளி மேலே போட்டிருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வைக்கோல் குடித்த ஈரம் தை வரைக்கும் காயாது. தகட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அப்புறம் 2018 நவம்பரில் கஜா. கொட்டகை மேல் தென்னை சாய்ந்து டிரைவர் பக்க மட்கார்டு அப்பளமாகிவிட்டது. கிளீனர் பக்க மட்கார்டு மேலே பழுதில்லை. கீழே, சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் இடத்தில், விரலை வைத்தால் உள்ளே போனது.

உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் போடுவதை 2014-இல் நிறுத்திவிட்டது. தேடிப் பார்த்ததில் கம்பெனி மட்கார்டு ஒன்றுகூட என் கையில் சிக்கவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு கடையில் லோக்கல் மேக் ஜோடி 17,000 ரூபாய்க்குக் கிடைத்தது, லாரி சர்வீஸ் தனி. கடையின் பெயர் வேண்டாம். போனில் நான் மூன்று முறை ‘மார்க் 3’ என்றேன். மூன்று முறையும் “அம்பாசடர்னா எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார்.

ஒன்றில்லை. 1979-இல் மார்க் 4 வந்தபோது முன்முகத்தையே மாற்றினார்கள். கிரில் வேறு, பார்க் விளக்கு சதுரம். எனக்கு வந்த மட்கார்டில் அந்தச் சதுரத் துளை கச்சிதமாக வெட்டியிருந்தது. திருப்பி எடுக்கச் சொன்னால், “பெயிண்ட்ல கீறல் விழுந்திருக்கே சார்” என்று போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருந்தே எங்கள் பக்கத்தில் பாதி ஆயுள் போகும். அப்படி ஒரு காத்திருப்பில்தான் ஒரு டிங்கர் மேஸ்திரியின் பட்டறை என் கண்ணில் பட்டது. அறுபத்தெட்டு வயது. அம்பாசடரில் கை வைத்து ஐம்பது வருஷம் ஆகிறது என்றார். மட்கார்டைப் பிரித்து வைத்ததும் சுண்டிப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார். “இது மட்கார்டு இல்ல தம்பி. மட்கார்டு மாதிரி.”

மைக்ரோமீட்டர் வைத்தோம். பழைய தகடு 0.9 மில்லிமீட்டர், அதாவது 20 கேஜ். புதியது 0.7, அதாவது 22 கேஜ். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், கையில் அப்படி இல்லை. முழங்கை ஊன்றினால் புதியது ‘டொக்’ என்று உள்ளே போய்த் திரும்பி வருகிறது. மேலே அடித்திருந்த கறுப்புப் பெயிண்டைப் பாதுகாப்பு என்று நினைத்தேன். மேஸ்திரி தின்னரைத் தொட்டுத் துடைக்க, அது துணியோடு வந்தது, அடியில் மஞ்சள் துரு. முழுக்கச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க இரண்டு நாள்.

போல்ட் விஷயத்தில் தப்பு என்னுடையது. அம்பாசடர் அங்குலக் கணக்கு வண்டி. என் வண்டியில் மட்கார்டு போல்ட் 5/16 அங்குலம், யூ.என்.எஃப் என்கிற நெருக்கமான புரி, அங்குலத்துக்கு 24. ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிப் போனேன். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர். அதனால் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், ஏமாற்றிவிடும். மூன்றாவது சுற்றில் ஸ்பானர் இறுகும்போது பாடியில் இருக்கும் நட்டின் புரி போய்விடும். மூன்று நட்டைக் கெடுத்த பிறகுதான் மேஸ்திரி என் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கினார்.

மாட்டும் வரிசையை அவரிடம்தான் கற்றேன். நான் மட்கார்டை முதலில் மாட்டி, அதற்குக் கதவைச் சரி செய்யலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. பின்கதவிலிருந்துதான் தொடங்கவேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் பாடி நகராது. பின்கதவைப் பாடிக்கும், முன்கதவைப் பின்கதவுக்கும், மட்கார்டை முன்கதவுக்கும் சேர்க்கவேண்டும். இரண்டு மட்கார்டுக்கும் நடுவில் பானட், எல்லாம் முடிந்து கிரில். போல்ட்டை முழுசாக இறுக்காமல் தொங்கவிட்டு, இடைவெளியில் ஒரு பென்சிலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பார். சிக்கினாலும் தப்பு, விழுந்தாலும் தப்பு. டிரைவர் பக்கம் மேலே சிக்கியது, கீழே விழுந்தது. மட்கார்டின் பின் ஓரமே கோணல். போல்ட் துளைகளை ஓவலாக இழைத்து, இரண்டு இடத்தில் தகட்டைக் கீறி விரித்துத்தான் கதவோடு சேர்த்தார்.

இதில் நாங்கள் இருவருமே ஒன்றைக் கோட்டை விட்டோம். கதவு ரப்பர் இல்லாமல் இடைவெளி பார்த்துவிட்டோம். அப்புறம் ரப்பரைப் போட்டால் கதவு ஒரு நூல் வெளியே துருத்தி நிற்கிறது. மறுபடியும் முதலிலிருந்து. ரப்பரைக் குறை சொல்ல மாட்டேன், அளவும் பள்ளமும் சரியாக இருந்தன. புதிதில் கொஞ்சம் முரடு. இரண்டு வாரம் கதவை மூடியே வெயிலில் நிறுத்தியபின் படிந்துவிட்டது. மூலைகளில் ஒட்டு தெரிவதால்தான் ஏழோடு நிறுத்தினேன்.

நடுவில் ஜூன் 12 வந்தது. மேட்டூர் திறந்தாகிவிட்டது என்றதும் மேஸ்திரியைக் காணோம். அவருக்கு இரண்டு மா நிலம் உண்டு. குறுவை நடவு முடியாமல் சுத்தியலைத் தொடமாட்டார் என்று பையன் சொன்னான். உரக்கடை வைத்திருக்கும் நான் அதற்குக் கோபித்துக்கொள்ள முடியுமா?

கிளீனர் பக்கத்துக்கு அவர் வேறு வழி பிடித்தார். புதிய மட்கார்டை முழுசாக மாட்டவே இல்லை. என் பழைய மட்கார்டில் துருப்பிடித்த கீழ்ப்பகுதியை ஏழு அங்குலம் வெட்டி எடுத்தார். புதியதிலிருந்து அதே ஏழு அங்குலத்தை வெட்டி ஒட்டினார். ஒரேயடியாக வெல்டிங் ஓட்டினால் மெல்லிய தகடு அலை அலையாக நெளியும். அதனால் இங்கே ஒரு பொட்டு, அரை அடி தள்ளி ஒரு பொட்டு, நடுவே ஈரத்துணி. ஒட்டின் மேல் பட்டி பார்க்காமல் ஈயம் வைத்து இழைத்தார். இப்போது அந்தப் பக்கம் தட்டினால் பழைய சத்தம். விளக்குத் துளை, போல்ட் துளை, கதவு ஓரம் எல்லாம் உத்தர்பாரா போட்டபடியே இருக்கின்றன.

டிரைவர் பக்கத்துக்கும் இதையே செய்திருக்கலாம். நசுங்கியது நடுப்பகுதிதான். ஹெட்லைட் கிண்ணமும் போல்ட் ஓரமும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் புது ஜோடி வந்த அன்றைக்கே பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். எட்டு கிலோ, 224 ரூபாய். இந்தப் பதிவில் எனக்கு வயிறு எரிவது 17,000 ரூபாய்க்கு இல்லை, அந்த 224 ரூபாய்க்குத்தான். வாங்குகிறவர்கள் வாங்குங்கள். ஆனால் மட்கார்டு என்று நினைத்து வாங்காதீர்கள், பாதி வளைத்த தகடு என்று வாங்குங்கள். கூலி பொருளைப் போல இரண்டு மடங்கு ஆகும். எனக்கு 38,000 ஆனது, கதவு வேலையோடு சேர்த்து. பழையது எவ்வளவு நசுங்கியிருந்தாலும் புதியது வண்டியில் ஏறி, பெயிண்ட் காயும்வரை வீட்டை விட்டுப் போகக்கூடாது.

டிக்கிக் கைப்பிடி தனிக் கதை. பழையது மசாக், அதாவது துத்தநாகக் கலவை. குரோமுக்கு அடியில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி வந்தால் அதைப் பாலிஷ் போட்டும் காப்பாற்ற முடியாது. கடையில் கிடைத்த டூப்ளிகேட் கையில் எடுத்தாலே விளையாட்டுச் சாமான். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிற ஒரு பட்டறையில் கேட்டேன். ஆசாரி சிரித்தார், ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார். வண்டல் மண்ணில் பழைய கைப்பிடியையே அச்சாகப் பதித்து வார்த்தால், பித்தளை ஆறும்போது சுருங்கி அளவு குறையும். அதனால் அச்சின் மேல் மெழுகை மெல்லிசாகப் பூசிக் கொஞ்சம் பெருக்கிக்கொண்டார். பிறகு அரம் போட்டு இழைத்ததில் கைப்பிடி பழைய இடத்தில் அப்படியே உட்கார்ந்தது, பூட்டும் திரும்புகிறது. கூலி 1,800. நான் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் குரோமைக் கொஞ்சம் கனமாகப் போட்டு கைப்பிடியில் இருக்கும் எழுத்தின் கூர்மையைக் கெடுத்துவிட்டார்கள், அதற்கு ஒரு மதிப்பெண் போயிற்று. ஆசாரிக்குப் பத்துக்குப் பத்துதான்.

பெயிண்ட் முடிந்து பம்பர் மாட்டியதும் டிரைவர் பக்க ஹெட்லைட் கிண்ணம் ஒரு நூல் உள்வாங்கி, கொஞ்சம் மேல்நோக்கி இருப்பது தெரிந்தது. மேஸ்திரி அடியில் தகடு வைத்து முடிந்தவரை சரிக்கட்டினார். மேற்கொண்டு கை வைத்தால் கதவு இடைவெளி போய்விடும் என்றார். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று தைரியமாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அம்மா வாசலுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“ஏண்டா, இந்தக் கண்ணு மாறுகண்ணா இருக்கு?”