பச்சை டிக் காட்டி 1,65,200 ரூபாய்: சிஐ அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

பணம் போன ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது கோவையில் ஒரு சின்ன டீம். துணிக்கடை, ஹார்டுவேர் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். யாராவது எழுதிய புரோகிராம் கோடை மெயின் பிராஞ்சில் (எல்லோருக்கும் பொதுவான முக்கியப் பிரதியில்) சேர்த்தால் தானாக பில்ட் ஆகி, டெஸ்ட் எல்லாம் ஓடி, பாஸ் ஆனால் மட்டும் கடைகளுக்குப் போக வேண்டும், அதற்கு ஒரு சிஐ (கன்டினியூவஸ் இன்டக்ரேஷன்) பைப்லைன் வேண்டும் என்று 'டெவ்ஆப்ஸ் கன்சல்டிங்' செய்கிற ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். 1,40,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,65,200. பாதி முன்பணம், மீதி டெமோ அன்றே. பெயர் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள், நோட்டீஸ் போகும் வரை எங்கும் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இப்படி வேலை கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அந்த டெமோவைச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்து ஆள் ஆபீசுக்கே வந்தார், நம்ம ஊர்ப் பையன், மரியாதையான பேச்சு. பெரிய திரையில் போட்டு, எங்கள் கோடில் ஒரு கமென்ட்டை (வெறும் குறிப்பு வரி) மாற்றி புஷ் பண்ணினார், அதாவது சர்வருக்கு அனுப்பினார். பில்ட் பச்சை, லின்ட் (கோடை ஓட்டாமலே குறை தேடும் சோதனை) பச்சை, யூனிட் டெஸ்ட் பச்சை, இன்டக்ரேஷன் டெஸ்ட் பச்சை, வரிசையாக விழுந்துகொண்டே வந்தது. மொத்தம் நாலு நிமிஷம். அதே டெஸ்ட்கள் எங்கள் மெஷினில் ஓடினால் இருபது நிமிஷத்துக்குக் குறையாது, பாதிக்கு மேல் டேட்டாபேஸோடு பேசுகிறவை. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "பேரலலா ஓடுது சார், டிபெண்டன்சி எல்லாம் கேஷ்ல வெச்சிருக்கோம். பில்ட் பத்து நிமிஷத்துக்குள்ள முடியணும்னு கென்ட் பெக் அப்பவே சொல்லிட்டார் சார்" என்றார். அதில் ஒன்றும் பொய் இல்லை, பேரலல் (பல டெஸ்ட்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது), கேஷ் (தேவையான லைப்ரரிகளை ஒருமுறை இறக்கிச் சேமித்து வைப்பது) இரண்டுமே பில்ட் நேரத்தைக் குறைக்கும், பத்து நிமிஷக் கணக்கும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையைக் கொண்டுவந்த கென்ட் பெக் சொன்னதுதான். நம்பாமல் என்ன செய்ய?

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும், "ஒரு டெஸ்ட்டை ஃபெயில் பண்ணிக் காட்டுங்களேன் சார், எப்படி நிக்குதுன்னு பார்க்கலாம்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, "முதல் நாளே சிவப்புல ஆரம்பிக்கணுமாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். மீதிப் பணத்தை அப்போதே அனுப்பிவிட்டோம்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டுக் கத்துகிறார். தள்ளுபடி கழிப்பதற்கு முந்தைய விலைக்கு ஜிஎஸ்டி போட்டு பில் வருகிறதாம், கவுண்டரில் கஸ்டமர் சண்டை. பில்லிலேயே கழிக்கிற தள்ளுபடி போக மிச்சத்துக்குத்தான் வரி. இதைப் பிடிப்பதற்கென்றே எங்களிடம் டெஸ்ட் இருக்கிறது. பைப்லைனைப் போய்ப் பார்த்தால் பச்சை. மெஷினில் ஓட்டினால் அதே டெஸ்ட் சிவப்பு.

அப்புறம்தான் ராத்திரி உட்கார்ந்து அவர்கள் எழுதிய யாம்ல் ஃபைலை (பைப்லைன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) வரி வரியாகப் படித்தோம். சிஐ சர்வருக்கு டெஸ்ட்டின் லாக்கை (ஓடியதன் பதிவை) படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. கமாண்ட் முடியும்போது விட்டுப்போகும் எக்ஸிட் கோடைத்தான் பார்க்கும், 0 என்றால் பச்சை, வேறு எண் என்றால் சிவப்பு. இவர்கள் டெஸ்ட் ஓட்டும் வரியின் கடைசியில் இரண்டு நெட்டைக்கோடு (||) போட்டு 'ட்ரூ' (true) என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் தோற்றால் உடனே அந்த ட்ரூ ஓடும், அது எப்போதும் 0 தான் தரும். தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டு காய்ச்சல் இல்லை என்கிற மாதிரி. இன்னொரு இடத்தில் டெஸ்ட் அவுட்புட்டை பைப் வழியாக 'டீ' கமாண்டுக்கு அனுப்பி லாக் எழுதுகிறார்கள், நடுவில் ஒன்று தோற்றாலும் தோல்வி என்று காட்டும் 'பைப்ஃபெயில்' போடவில்லை. அப்படி விட்டால் கமாண்டுகளை ஓட்டும் பாஷ் கடைசிக் கமாண்டின் கோடைத்தான் எடுத்துக்கொள்ளும். லாக் எழுதியது வெற்றி, ஆகவே டெஸ்ட்டும் வெற்றி!

அந்த நாலு நிமிஷ ரகசியமும் லாக்கிலேயே இருந்தது. டெஸ்ட்டுக்காக சிஐயில் தொடங்க வேண்டிய டேட்டாபேஸ் கன்டெய்னர் ஒருநாளும் எழுந்திருக்கவே இல்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று பக்கம் பக்கமாக, ஒவ்வொரு டெஸ்ட்டும் தொடங்கிய உடனே செத்திருக்கிறது. டெமோ அன்று ஓடிய லாக்கிலும் இதேதான். பேரலலாம், கேஷாம்.

அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டோம். முதலில் பேசியவர், "ஃப்ளேக்கி டெஸ்ட் சார், பைப்லைன் பிளாக் ஆகக் கூடாதுன்னு டெம்பரரியா போட்டது" என்றார். நம்பகமில்லாத டெஸ்ட் இருந்தால் அதை மட்டும் தனியே பிரித்து வைத்துச் சரிசெய்வார்கள், மொத்தத்தையும் ஊமையாக்க மாட்டார்கள் என்றதும் "டீமைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பிறகு வேறொருவர் பேசினார், "ஸ்கோப்ல பைப்லைன் செட்டப்தான் சார் இருக்கு, டெஸ்ட் வேலை செய்யணும்னு எங்கயும் இல்லையே" என்கிறார். டெஸ்ட் ஓடாத சிஐக்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். போர்ட்டலில் டிக்கெட் போடச் சொன்னார்கள், போட்டோம், 'ரிசால்வ்டு' என்று தானாக மூடிக்கொண்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் வந்த மெயில்தான் உச்சம்: மாதம் 15,000 ரூபாய் ஏஎம்சி எடுத்தால் 'முன்னுரிமையுடன் பரிசீலிப்பார்களாம்'. 1,65,200 வாங்கியவர்கள் பேசுகிற பேச்சா இது?

இன்னொன்றும் வெளியே வந்தது. சிஐ அக்கவுன்ட் எங்கள் பெயரில் இல்லை, அவர்கள் பெயரில். எங்கள் புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் கீ எல்லாம் அதற்குள். 2023 ஜனவரியில், சர்க்கிள்சிஐ என்ற சிஐ சேவை நிறுவனத்தில் நடந்த ஊடுருவல் வெளியே வந்தபோது, சேமித்து வைத்த ரகசியச் சாவிகள் அத்தனையையும் உடனே மாற்றுங்கள் என்று அந்த நிறுவனம் தன் கஸ்டமர்களுக்கு அறிவித்தது. நாளை அப்படி ஒன்று நடந்தால் அறிவிப்பு எங்களுக்கு வரவே வராது, போனை எடுக்காத இந்த ஆட்களுக்குத்தான் போகும். எல்லாவற்றையும் மாற்றி முடிக்க விடிந்துவிட்டது.

1,65,200 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, இரண்டு பேரின் சம்பளம். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம் என்கிறார் வக்கீல்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது உட்கார நேரமில்லை, கடைகளின் பழைய பில்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அவசரத்துக்கு இவ்வளவு: பச்சை டெமோவுக்குப் பணம் கொடுக்காதீர்கள், வேண்டுமென்றே ஒரு டெஸ்ட்டை உடைத்து, சிவப்பு வந்து டெப்ளாய் (கடைகளுக்குப் போவது) நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். அக்கவுன்ட் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். எத்தனை டெஸ்ட் ஓடியது என்கிற எண்ணிக்கை லாக்கில் தெரிய வேண்டும், அதை உங்கள் மெஷினில் வரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். யாம்லில் அந்த ட்ரூ, 'கன்டினியூ ஆன் எரர்' (தவறு வந்தாலும் தொடர்) இரண்டையும் தேடுங்கள், இருந்தால் ஏன் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீதிப் பாதியை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.