வெள்ளை அடித்து விற்பதா, உறுதியைத் துலக்கி விற்பதா?

கல்லடியில் முப்பது வருடம் குடியிருந்த வீட்டை இந்த ஆவணியில் விற்றோம். 'விற்றோம்' என்றாலும் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், என் பெயர் கிடையாது. மட்டக்களப்பு வழக்கப்படி அது மனைவிக்கு வந்த சீதன வீடு. கையெழுத்து அவளுடையது, கந்தோர் கந்தோராக அலைந்த கால்கள் என்னுடையவை. எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால் விற்கும் பேச்சே எழுந்திராது. இருவரும் ஆண்கள், இருவரும் இப்போது மனைவிமாரின் ஊரில். ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாக நகரத்துக்குள் ஒரு சின்ன வீடு போதும் என்று முடிவெடுத்த அன்றே குடும்பம் இரண்டு கட்சியாகிவிட்டது.

மனைவியின் தமையன், என் மச்சான், திருத்தி விற்கும் கட்சி. மூன்று வருடத்துக்கு முன் ஆரையம்பதி வீட்டை அவர் அப்படித்தான் விற்றார்: கூரை மாற்றி, தரைக்கு மாபிள் பதித்து, உள்ளும் புறமும் பெயின்ற் அடித்து, வாசலில் புதுக் கேற் போட்டு. "பெண் பார்க்க வருகிறவன் முகத்தைத்தானே முதலில் பார்ப்பான், மச்சான்?" என்பது அவருடைய வாதம். அவர் அனுப்பிய மேசன் பாஸ் எங்கள் வீட்டைச் சுற்றி வந்து 14 லட்சம் என்று கணக்குச் சொன்னார். நான் இருந்தபடியே விற்கும் கட்சி. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து உறுதியைத் துலக்குவோம், சுவரை வாங்குகிறவர் துலக்கிக்கொள்ளட்டும் என்றேன். கடைசியில் என் சொல்தான் நடந்தது. ஆகவே இதை நடுநிலையான தராசு என்று நம்பி வாசிக்க வேண்டாம்.

இரண்டு கட்சிக்கும் பொதுவானவை உண்டு. வளவைக் கூட்டித் துப்புரவாக்குவது, கிணற்றை இறைப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது, மின்சாரக் கட்டணத்தையும் சோலைவரியையும் பாக்கியில்லாமல் கட்டுவது. இதற்கெல்லாம் யாரும் கட்டுரை வாசிக்கத் தேவையில்லை.

மச்சானின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. கரையான் அரித்த கதவு நிலையும் ஈரம் ஊறிய கூரையும் கண்ணில் பட்டால், வருகிறவர் ஒவ்வொன்றையும் காட்டி ஒரு லட்சம் கழிப்பார். மச்சானின் வீட்டில் அப்படிக் கழிக்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சீமெந்து வெடிக்கும். ஐப்பசியில் அடித்த பெயின்ற் தை பிறக்கும் முன்பே பாசி பூத்துவிடும். விற்பனை ஒரு மாரியைத் தாண்டி இழுபட்டால் அடித்தது போதாது, மறுபடி அடிக்க வேண்டும். மச்சானுக்கும் நடுவில் ஒரு மாரி வந்தது. முன்பக்கச் சுவருக்கு இரண்டாம் தரம் பெயின்ற் அடித்ததை அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வாங்குகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே பழைய வீடு தேடி எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மகளுக்குச் சீதனம் தேடியவர்கள். அவர்கள் பேர்ச் கணக்கில் வளவுக்குத்தான் விலை பேசினார்கள். வீட்டை எப்படியும் தங்கள் மனம்போல் மாற்றத்தான் போகிறார்கள். மச்சான் பதித்த மாபிளை, வாங்கியவர் ஆறு மாதத்தில் பெயர்த்தெடுத்தார். வாஸ்து பார்த்துக் குசினியை இடம் மாற்றினார்களாம்.

எங்கள் வீட்டுக்கு மாசியில் வந்த ஓர் அம்மா சுவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கிணற்று நீரை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்துவிட்டு, "மனே, சுனாமித் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது?" என்று கேட்டார். திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004 இல் சாய்ந்ததை நேரில் கண்ட ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சன்னல் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். "சரி, உறுதி எப்படி?" என்றார். அதற்குத்தான் அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை.

எங்கள் முதல் பேச்சு முறிந்ததும் இரண்டாவது பேச்சு முடிந்ததும் உறுதியால்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கலியாணத்தின்போது வீட்டை வாய்ச்சொல்லில்தான் தந்தார்கள். இலங்கையில் காணி கைமாற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் ஒப்பமிட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் இதுதான் விதி. மாமியார் 2001 இல் தன் 28 பேர்ச் வளவை இரண்டாக்கி, சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மகள்மாருக்கும் நன்கொடை உறுதி எழுதினார். எங்கள் பங்கு 14 பேர்ச். அலுமாரியில் உறுதி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மாவுக்குப் பிறகு வந்தவர் ஒரு கோடியே 26 லட்சத்துக்குச் சம்மதித்தார். பாதிப் பணம் வங்கிக் கடன். வங்கியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, தேடியபோது மூன்று விடயங்கள் வெளியே வந்தன. முதலாவது, 1997 இல் முழு வளவையும் மாமியார் ஒரு வங்கியில் ஈடு வைத்திருக்கிறார். கடன் எப்போதோ கட்டி முடிந்தது, பற்றுச்சீட்டுக் கூட வீட்டில் இருந்தது. ஆனால் ஈட்டுக் கடனைக் கட்டுவது ஒன்று, அதைத் தோம்பில் வெட்டுவிப்பது வேறு. இரண்டாவது, சீவிய உரித்து மாமியாரின் மரணத்தோடு முடிந்துவிட்டாலும், மரணச் சான்றிதழில் உள்ள பெயரும் உறுதியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது, உறுதியில் வரைபடம் இல்லை. வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை என்ற பழைய பாணி எல்லைதான். வந்தவர் மூன்று வாரம் பொறுத்தார். பிறகு நாவற்குடாவில் வேறு வளவு பார்த்துக்கொண்டார். அவரில் குற்றமில்லை.

அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். ஈட்டுக் கடனைக் கொடுத்த வங்கிக் கிளை இடம் மாறியிருந்தது, பழைய பேரேடு கொழும்பில். ஈடு மீட்பு எழுதி வாங்கிப் பதிவதற்குள் இரண்டரை மாதம் போனது. இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்தோம். அனுமதி பெற்ற நில அளவையாளர் வந்து அளந்தார்: 13.2 பேர்ச். மிச்சம் 0.8 எங்கே என்று தேடினால், ஒழுங்கையை அகலித்தபோது மதிலைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டியவர் என் மாமனார். போதாததற்கு, மாமியாரின் மற்ற மகளான மச்சாளின் பங்குக்கும் எங்கள் பங்குக்கும் இடையிலான எல்லைக்கோடு கிணற்றின் நடுவாலேயே ஓடியது. கிணற்றுப் பாவனை உரிமையையும் எழுத்தில் கொண்டுவந்தோம். வீதிக்காகக் காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றை மாநகர சபையில் எடுத்தோம். எல்லாமாக 135,000 ரூபாயும் ஐந்து மாதமும்.

ஆடியில் அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தரம் கோப்பை அவர் மடியில் வைத்தேன். 0.8 பேர்ச் குறைவதை நானே முதலில் சொன்னேன். அவருடைய சட்டத்தரணி இரண்டு நாள் பார்த்தார், மூன்று வாரத்தில் அறுதி உறுதி எழுதியாயிற்று. விலை ஒரு கோடியே 20 லட்சம். முதலில் பேசிய விலையைவிட 6 லட்சம் குறைவுதான். காகிதம் மாசியிலேயே ஒழுங்காக இருந்திருந்தால் அந்த 6 லட்சமும் வந்திருக்கும். 14 லட்சத்துக்கு வெள்ளை அடித்திருந்தாலும் 1997 இன் ஈடு தோம்பில் அப்படியே கிடந்திருக்கும்.

புயலிலும் வெள்ளத்திலும் இடப்பெயர்விலும் உறுதியைத் தொலைத்தவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். 1978 நவம்பர் சூறாவளியிலேயே பலருடைய பெட்டகம் கூரையோடு போனது. பதிந்த உறுதியானால் பயமில்லை, நொத்தாரிசு அனுப்பும் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அம்பாறைப் பக்கம், குடியேற்றத் திட்டக் காணிகளில் இருப்பவர்களின் நிலைமை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியையும் அளிப்புப் பத்திரக் காணியையும் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அங்கே முதலில் போக வேண்டிய இடம் பெயின்ற் கடையும் அல்ல, நொத்தாரிசும் அல்ல. தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்த வீடானால், 1876 ஆம் ஆண்டின் சட்டப்படி பாதி தாய்க்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கனடாவில் இருக்கும் தம்பியும் ஒப்பமிட வேண்டும், இல்லையென்றால் தன் சார்பில் ஒப்பமிட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 இன் வேறு சட்டம், பங்கும் வேறு. வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர் இரட்டைக் குடியுரிமை உள்ளவரா என்று பேச்சின் தொடக்கத்திலேயே கேளுங்கள். 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எங்கள் விலைக்கு 479,000 ரூபாய், கட்டியது வாங்கியவர். உறுதியில் 80 லட்சம் என்று போட்டால் 1 லட்சத்து 60 ஆயிரம் மிஞ்சும் என்று அவருடைய உறவினர் ஒருவர் காதைக் கடித்தார். பொய் விலைக்கு ஒப்பமிடப் போவது என் மனைவி, நகர வீட்டை வாங்கும்போது பணத்துக்குக் கணக்குக் காட்டப் போவதும் அவள்தான். மாட்டேன் என்றேன். மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு 15 வீதம். மூன்று வருடமாவது சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீடானால் விலக்கு உண்டு. நாங்கள் அதற்குள் வந்தோம். வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்பவர்கள் கணக்காளர் ஒருவரைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

தரகரை வைத்தோம், 2 வீதம் கொடுத்தோம், ஆள் கொண்டுவந்தார். அவரைப் பற்றி அவ்வளவுதான்.

மச்சானுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய ஆரையம்பதி உறுதி கண்ணாடி போல் தெளிவாக இருந்தது, வரைபடமும் கையில் இருந்தது. அப்படிப்பட்டவர் மிச்சப் பணத்தைக் கூரையில் போட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். ஐந்தாறு வருடத்துக்குள் கட்டிய மாடி வீட்டுக்கும் என் வாதம் பொருந்துமா என்பது சந்தேகம். அங்கே வாங்குகிறவர் வளவோடு வீட்டுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். நான் ஆயுளில் விற்றது ஒரே ஒரு வீடு, அதுவும் பழையது. கூரை மழைக்கு ஒழுகினால் மட்டும் எந்தக் கட்சியாக இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

போன கிழமை மச்சாள் தன் உறுதியைப் பழைய சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கும் இரண்டும் ஆண்கள். 1997 இன் ஈடு முழு வளவுக்கும் எழுதியதாயிற்றே, மீட்பு அவளுடைய தோம்பிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை மறுபடி பதிவகத்துக்குப் போகிறேன்.