டேவிட் சூஷே: மேடையா, சின்னத்திரையா?

பிரிட்டிஷ் நடிகர் டேவிட் சூஷே என்றதும் முறுக்கிய மீசைதான் பலருக்கும் கண்முன் வரும். 1989 முதல் 2013 வரை 70 முறை அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவாகத் தொலைக்காட்சியில் வாழ்ந்தவர். ஆனால் 1973இலேயே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்து, பின்னர் ஷேக்ஸ்பியரின் ஷைலாக், இயாகோ வேடங்களில் மேடையேறிய கலைஞர் அவர்.

சின்னத்திரை அவருடைய நுணுக்கத்துக்குத் தீனி போட்டது. கதைகளைப் படித்துப் படித்து, புவாரோ தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி போடுவார் என்பது வரை 93 குறிப்புகள் எழுதினார். புவாரோவின் குறுநடைக்காகப் பின்புறத்தில் நாணயத்தை இடுக்கி, கீழே விழாமல் நடந்து பழகினார்! கேமரா பக்கத்தில் வந்தாலும் பொய் தெரியாததற்கு இந்த உழைப்புதான் காரணம்.

மேடையில் ஒளிய இடமில்லை. 1998இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில், ‘அமாதேயுஸ்’ நாடகத்தில், இசைமேதை மோட்சார்ட்டின் மீது பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரியாக நடித்தார். தள்ளாடும் கிழவர் பார்வையாளர் கண்ணெதிரே இளைஞராக மாற வேண்டும். வெட்டி ஒட்ட வழியில்லை. நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கும் போனது, அமெரிக்க நாடக விருதான டோனிக்குப் பரிந்துரையும் கிடைத்தது.

நடிகரின் முழு வலிமையை அறிய மேடைதான் என்பேன். ஆனாலும் சின்னத்திரை அவருக்கு ஒரு சலுகை தந்தது: புவாரோ இறக்கும் கதையை முன்னதாகவே படமாக்கிவிட்டு, அவர் உயிரோடு உலவும் கதையோடு விடைபெற்றார். மேடையில் அது நடக்காது.